வெளியே போகும் பெட்டிகள்

கஜானா வற்றும்போதெல்லாம் அரசாங்கம் துறைமுகத்தில்தான் கை வைக்கும். அந்த முறையும் இறக்குமதி வரியை ஏற்றிவிட்டார்கள். சக்கர நாற்காலி செய்யும் தம்பியின் பட்டறைக்கு வெளிநாட்டிலிருந்து சக்கரங்கள் வந்த பெட்டிமேல், துறைமுக அதிகாரியான அண்ணன் தன் கையாலேயே சாக்பீஸில் கோடு கிழித்தார். வரி கட்டும்வரை பெட்டி நகராது என்று அதற்கு அர்த்தம்.

"மாடிமேல மாடி கட்டி வாடகை வாங்குறவனெல்லாம் நிம்மதியா தூங்குறான். என் வயித்துல ஏண்ணே அடிக்கிறீங்க?" என்றான் தம்பி.

"அவன்கிட்ட வாங்கணும்னா வீடு வீடாப் போய் அளக்கணும்டா. வீட்டு வரி ஆபீஸ்ல நாற்காலி இருக்கு, ஆள் இல்ல. கப்பல்னா எங்களைத் தாண்டித்தானே வரணும்? அதான் எல்லாத்தையும் இங்கயே ஏத்துறாங்க."

பட்டறை அந்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை.

தம்பியின் இயந்திரங்களை வெளிநாட்டில் எவனோ வாங்கினான். அவை பெட்டி பெட்டியாக அதே துறைமுகத்துக்கு வந்தன. தம்பியும் கூடவே வந்து, தலை குனிந்து நின்றான். அண்ணன் பழக்கதோஷத்தில் சாக்பீஸை எடுத்தார்.

"இதுக்கு எவ்வளவுண்ணே கட்டணும்?"

அண்ணன் சாக்பீஸைச் சட்டைப்பையில் போட்டார்.

"வெளிய போறதுக்கு வரி இல்லடா."