பொய்ப் புகார்

கப்பல் தளத்துக்குள் நுழையும் பாஸ் மறுக்கப்பட்டது என்று தெரிந்த அன்று நஜ்முதீன் கத்தவில்லை. மனைவி பர்ஸானாவுக்கு அதுவே பயமாக இருந்தது. சாப்பிட்டுக் கை கழுவி வந்து எதிரில் உட்கார்ந்தான்.

"போர்க்கப்பலுக்குள்ள வெல்டிங் பண்ணணும்னா போலீஸ் வெரிஃபிகேஷன் வேணும். அதுல நீ கொடுத்த பராதி, அந்தப் புகார், கிடக்கு. ஸ்டேஷனுக்கு வந்து ஒண்ணு பறஞ்சா மதி, வேற எதுவும் வேண்டாம்."

"என்னன்னு?"

"நான் தள்ளலைன்னு."

போன மழைக்காலத்தில் அவன் தள்ளியதில் அவளுடைய இடது மணிக்கட்டு உடைந்தது. கட்டுப் போட்ட கையோடு தனியாக நடந்துபோய்ப் புகார் கொடுத்தாள். உறவினர்கள் பேசி வழக்கில்லாமல் முடித்தார்கள். அதன்பின் கை ஓங்குவான், ஆனால் இறக்கிவிடுவான். ஸ்டேஷனில் இருக்கும் அந்தக் காகிதம்தான் இறக்க வைக்கிறது என்று அவளுக்குத் தெரியும். வேலையில்லாமல் வீட்டில் கிடந்தால் நஜ்முதீன் எப்படி இருப்பான் என்றும் தெரியும். மறுநாள் அவனோடு போனாள்.

பெண் எஸ்.ஐ. அவள் மணிக்கட்டைப் பார்த்தார்.

"இது எப்படி ஒடிஞ்சது?"

"வழுக்கி விழுந்தேன், மேடம்."

"அப்போ அன்னைக்கு எழுதினது?"

"கள்ளம்."

எஸ்.ஐ. ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "எழுதிக் கொடு. ஆனா பழசு அழியாது, ரெண்டும் ஃபைல்ல இருக்கும். நாளைக்கு நீ திரும்ப வந்தா, இதைத்தான் முதல்ல எடுத்துப் பார்ப்பாங்க. புரியுதா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். வாசலில் நின்ற நஜ்முதீன் எழுது என்று தலையசைத்தான். வீட்டில் பேசுவது தமிழ் என்றாலும் அவளுக்கு அதை எழுத வராது. பள்ளியில் படித்த மலையாளத்தில், நான் கொடுத்தது பொய்ப் புகார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு மதிய வேளையில், பாஸுக்காகக் காத்து வீட்டிலிருந்த நஜ்முதீனைக் கான்ட்ராக்டர் போனில் கூப்பிட்டார். மறுபடியும் மறுத்துவிட்டார்கள். உங்கள் மேல் போலீஸில் புகார் எதுவும் உண்டா என்று பாஸ் படிவத்தில் ஒரு கேள்வி இருந்ததாம். இல்லை என்று நஜ்முதீன் எழுதியிருந்தான். புகாரைக்கூட விட்டிருப்பார்கள், மறைத்ததை விடமாட்டார்கள் என்றார் கான்ட்ராக்டர். இனி வேலைக்கு வரவேண்டாம் என்றும் சொன்னார்.

போனை வைத்துவிட்டு நஜ்முதீன் எழுந்தான். தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினான்.

"ஹிஸானா," என்று பர்ஸானா மகளைக் கூப்பிட்டாள். "குடையை எடுத்துட்டு மரியம் மாமி வீட்டுக்குப் போ. நான் விளிக்காம வராதே."

"எதுக்கும்மா?"

"போ."

மழை கனத்திருந்தது. பின்னால் அடுத்த ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்டது. தேங்கிய தண்ணீரைத் தாண்டித் தாண்டி அந்த மஞ்சள் குடை சந்து திரும்பும்வரை, பர்ஸானா வாசற்படியை விட்டு நகரவில்லை.