திட்டத்தில் சேராத சாவு

வறண்ட கிராமங்களில் பண்ணைக்குட்டை வெட்டித்தரும் அந்தத் தொண்டு நிறுவனம் சங்கரன்கோவிலில் ஒரு மாடியில் இருந்தது. ஊழியர்கள் நேரத்தை வீணாக்குவது பற்றி இயக்குநர் ஆனந்தகுமார் அங்கே ஒரு முழு நாள் பேசினார். அந்த நாள் ‘திறன் வளர்ப்பு’ என்று திட்டக் கணக்கில் சேர்ந்தது. மதியப் பிரியாணியும் அதே கணக்கில்தான் சேர்ந்தது.

திட்டம் சாராத வேலையில் யார் எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று நிதி கொடுக்கும் டெல்லிக்காரர்கள் மாதாமாதம் அறிக்கை கேட்டிருந்தார்கள். மற்றவர்கள் விவரமானவர்கள். டீ குடித்ததையும் ‘சமூகத் தொடர்பு’ என்று எழுதினார்கள். ஒரு கிராமத்தைக் கவனித்துவந்த களப்பணியாளர் எப்சிபா மட்டும் நடந்ததை எழுதினாள். துட்டி வீடு, அரை நாள். சடங்கு வீடு, இரண்டு மணி நேரம். மறுபடியும் துட்டி வீடு.

“ஏம்மா, ஒரே மாசத்துல இத்தனை துட்டியா? அந்த ஊருல இவ்வளவு பேரா சாவுதாங்க?” என்றார் ஆனந்தகுமார்.

“எங்கிட்ட கேட்டுட்டா சார் சாவுதாங்க? துட்டி கேக்கப் போகலைன்னா ஒருத்தனும் நம்மள நிலத்துல கால் வைக்க விடமாட்டான்.”

“அனுதாபத்தையெல்லாம் ஞாயித்துக்கிழமை வச்சுக்கோ. அடுத்த மாசம் அந்தக் கட்டத்துல பூஜ்யம்தான் இருக்கணும். இல்லைன்னா உன் ஒப்பந்தத்தை என்னால நீட்டிக்க முடியாது.”

தறி ஓட்டிய கணவன் முதுகு போய்ப் படுத்ததிலிருந்து வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடியது. எப்சிபா தலையாட்டினாள்.

அடுத்த மாதம் சண்முகையாவின் அம்மா இறந்துபோனார். ஊரில் முதல் குட்டைக்கு நிலம் தருவதாக வாய்வார்த்தை சொல்லியிருந்தவர் சண்முகையா. அவர் கையெழுத்துப் போட்டால் மற்றவர்களும் போடுவார்கள். எப்சிபா அன்று பக்கத்துப் புஞ்சையில் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தாள். கொட்டுச் சத்தத்தோடு பாடை வரப்போரமாகப் போனது. அவள் டேப்பைக் கீழே வைக்கவில்லை. திட்ட நேரம்.

ஒரு வாரம் கழித்துக் காகிதத்தோடு போனாள்.

“எங்கம்மா போகையில டேப்பப் பிடிச்சுக்கிட்டு நின்னவதான நீ? இப்ப எதுக்கு வாரே?” என்றார் சண்முகையா.

“குட்டைக்குக் கையெழுத்து, அண்ணாச்சி.”

“எங்க வீட்டுல இந்த வருசத்துக்கு ஒரு குழி வெட்டியாச்சு. போ.”

ஊரில் வேறு யாரும் கையெழுத்துப் போடவில்லை.

மாதக் கடைசியில் திட்டம் சாராத நேரம் பூஜ்யம். ஆனந்தகுமார் அதற்குப் பச்சை வண்ணம் அடித்துத் திரையில் காட்ட, டெல்லிக்காரர்கள் கைதட்டினார்கள். அடுத்த பக்கத்தில் குட்டைகளும் பூஜ்யம். அதற்குக் காரணம், ‘களப்பணியாளரின் சமூகத் தொடர்புக் குறைபாடு’. எப்சிபாவின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. நேர ஒழுக்கத்துக்கு ஒரு நற்சான்றிதழ் மட்டும் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள்.

மறுநாள் அவள் மினிபஸ் ஏறி சண்முகையா வீட்டுக்குப் போனாள்.

“துட்டி கேக்க வந்தேன், அண்ணாச்சி.”

“காரியமே முடிஞ்சு போச்சே. இன்னைக்கு வேலை இல்லையாக்கும்?”

“வேலை போயிட்டு.”

“அதான பாத்தேன்” என்றார். “வேலை இருந்தா வந்திருக்க மாட்டே.”

எப்சிபா வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். துட்டி வீட்டில் அழுகிறவளை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஆனால் இது காரியம் முடிந்த வீடு. சண்முகையாவின் மனைவி எட்டிப் பார்த்து, “இவ எதுக்கு இங்கன வந்து அழுவுதா?” என்றாள்.