வேலியோரத்துப் பிணம்

டோரீன் ஒரு கிளையைத்தான் வெட்டச் சொன்னாளாம். நான் புதரையே வெட்டிவிட்டேனாம். அவள் கட்சி அது. என் கட்சி வேறு. அடுக்களை ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "அந்தக் கிளை மறைக்குதுய்யா, குருவித் தீனிக்கூண்டே சரியா தெரியல" என்று ஒருத்தி நாள் முழுக்க முனகினால், கட்டினவன் என்ன செய்வான்? ரம்பத்தை எடுப்பான். எடுத்தேன்.

நவம்பரில் வாசற்படி ஈரத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் உள்ளே கம்பி வைத்துத் தைத்து அனுப்பினார்கள். வாரம் ஒரு தடவை பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருவாள். "நிக்கணும் டோரீன். தினமும் எழுந்து நிக்கணும். உக்காந்தே கிடந்தா கால் வேலையை மறந்துடும்" என்பாள். கால் மறக்குமாம். காலுக்குள்ளே மூளையா வைத்திருக்கிறார்கள்? படித்தவர்கள் பேச்சை நான் எப்போதும் பாதிதான் நம்புவேன். ஆனால் அவள் கெண்டைக்கால் வாரத்துக்கு வாரம் சூம்பிக்கொண்டு போனதை என் கண்ணாலேயே பார்த்தேன். அதை எப்படி நம்பாமல் இருக்க?

பயிற்சி என்றாலே டோரீனுக்கு ஆகாது. "வலிக்குது" என்பாள். "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பாள். நான் அதட்டினால் ரேடியோவைக் கூட்டி வைப்பாள். ஆனால் குருவி வந்தால் மட்டும் கதையே வேறு. தோட்டத்து இரும்புக் கம்பத்தில் நான் தொங்கவிட்ட தீனிக்கூண்டு நாற்காலியிலிருந்து பார்த்தால் ஜன்னல் விளிம்பு மறைத்துப் பாதிதான் தெரியும். முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்க வேண்டும். செந்நெஞ்சுக்கார ராபின் குருவி வந்தால், "வந்துட்டான், வந்துட்டான்!" என்று எழுந்துவிடுவாள். தான் எழுந்ததே அவளுக்குத் தெரியாது. அந்தப் பெண் கெஞ்சியும் அசையாதவள், கோழிமுட்டைப் பாரம்கூட இல்லாத ஒரு பயலுக்காக எழுந்து நின்றாள். போகட்டும், யாருக்காக நின்றால் என்ன, நின்றால் சரி.

அதனால்தான் அவளுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று பிப்ரவரிக் கடைசியில் மழை விட்ட ஒரு நாள் தோட்டத்தில் இறங்கினேன். கம்பத்தை ஒட்டி நின்ற முள்புதர் முழுசையும் அறுத்தேன். வேரைத் தோண்டி எடுத்தேன். முள் கிழித்து இரண்டு கையும் ரத்தம். காய்ந்து நின்ற பழைய செடித்தண்டுகள், இலைக்குப்பை, வேலியில் படர்ந்த கொடி எல்லாவற்றையும் வாரிக் கொளுத்திச் சாம்பலைப் பாத்தியில் கொட்டினேன். பொழுது சாயும்போது தோட்டம் மொட்டையடித்த தலை மாதிரி பளிச்சென்று இருந்தது.

"இப்ப பாருடி. டிவி மாதிரி தெரியும்" என்றேன்.

அவள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். பிறகு, "ஒரு கிளைன்னேன்" என்றாள்.

"ஒரு கிளைய வெட்டினா அடுத்த கிளை மறைக்கும்னு சொல்லுவே."

"சொல்லியிருக்க மாட்டேன்."

"சொல்லியிருப்பே. அம்பது வருஷமா உன்னைத் தெரியும்."

மறுநாள் ஒரு குருவிகூட வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ஒரு தடிப் புறா மட்டும் கம்பத்தடியில் வாடகை வாங்க வந்தவன் மாதிரி உலாத்திவிட்டுப் போனது. புறாவுக்கெல்லாம் டோரீன் எழமாட்டாள்.

முதலில் தீனி கெட்டுவிட்டது என்று நினைத்தேன். கடைக்காரனிடம் போனேன். பை நிறைய உமி போட்டு ஏமாற்றுகிறாயா என்று கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே உரித்த சூரியகாந்தி விதை என்று வேறொரு பையை என் தலையில் கட்டினான். அதையும் தொங்கவிட்டேன். ஒரு மூக்குகூடக் கொத்தவில்லை.

பிறகுதான் பக்கத்து வீட்டு ராட்னி மேல் சந்தேகம் வந்தது. தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊர் வம்பையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறவன். அவன் தோட்டம் ஒரு காடு. கிறிஸ்துமஸ் மரத்தை ஜனவரி முதல் வாரத்தில் எல்லாரும் வெளியே எறிந்துவிடுவார்கள். இவன் மட்டும் எங்கள் வேலிமேல் சாய்த்துவைத்துவிட்டு, "கார் ரிப்பேர் பெரியவரே, சரியானதும் குப்பைமேட்டுக்குக் கொண்டுபோயிடறேன்" என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். மரம் காய்ந்து பழுப்பாகி, ஊசி இலையெல்லாம் என் பக்கம் கொட்டுகிறது. வெள்ளிச் சரிகை ஒன்று இன்னும் அதன் கழுத்தில் கிடக்கிறது. "உன் பிணத்தை எப்ப எடுக்கப் போறே?" என்று நானும் பார்க்கும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்போது அவன் பக்கத்தில் கீச்சுகீச்சென்று ஒரே சத்தம். என் பக்கம் சுடுகாட்டு அமைதி.

"ஏன்டா, என் குருவிங்களுக்கு என்னத்தைப் போட்டு மயக்குறே?"

"உங்க குருவியா? கழுத்துல உங்க பேரு எழுதித் தொங்குதா பெரியவரே?"

"போன வாரம் வரைக்கும் என் கூண்டுலதான் தின்னுச்சுங்க."

"சாப்பாடு பிடிக்கலையோ என்னவோ. நான் எதுவும் போடலையே. வேணும்னா வந்து வீட்டைச் சோதனை போடுங்க."

சோதனை போட்டிருப்பேன். டோரீன் ஜன்னலைத் தட்டி உள்ளே கூப்பிட்டுவிட்டாள்.

அந்த வாரம் பயிற்சிப் பெண் வந்து டோரீனை எழுப்பி நிறுத்தினாள். முழங்கால் நடுங்கியது. உடனே உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெண் வாசல்வரை வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "போன தடவை கால்ல கொஞ்சம் பலம் வந்திருந்ததே, என்னாச்சு? இப்படியே விட்டா சக்கர நாற்காலிதான் தாத்தா. அப்புறம் திருப்ப முடியாது."

என்னாச்சு என்று என்னிடம் கேட்டால்? குருவியைக் கேள் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சொன்னால் கிழவனுக்கு மறை கழன்றுவிட்டது என்று எழுதிக்கொண்டு போய்விடுவாள். கதவைத் திறந்து அனுப்பிவைத்தேன்.

மறுநாள் தேநீரை எடுத்துக்கொண்டு கொட்டகை வாசலில் உட்கார்ந்து கூண்டையே முறைத்துப் பார்த்தேன். யாரையும் கேட்டுப் பயனில்லை, நாமே பார்த்துவிடலாம் என்று. குளிர் எலும்பில் ஏறியது. கொஞ்ச நேரத்தில் நீலத் தலைச் சின்னக் குருவி ஒன்று ராட்னியின் செத்த மரத்துக்குள்ளிருந்து தலையை நீட்டியது. கூண்டைப் பார்த்தது. வானத்தைப் பார்த்தது. நான் மொட்டையடித்த தரையைப் பார்த்தது. பறந்து பாதி தூரம் வந்தது. என்ன நினைத்ததோ, திரும்பி மரத்துக்குள் புகுந்துவிட்டது.

அப்போது வேலியை ஒட்டித் தாழ்வாக ஒரு நிழல் சர்ரென்று போனது. வல்லூறு. கீச்சுச் சத்தம் மொத்தமும் அடங்கியது. ஊசி இலைக்குள் எத்தனை குருவி ஒடுங்கிக் கிடந்ததோ, ஒன்றுகூட மூச்சுவிடவில்லை. வல்லூறு காலில் ஒன்றும் சிக்காமல் திரும்பிப் போனது.

எனக்குப் புரிந்துவிட்டது. திறந்த வெளியில் தட்டு நிறையச் சோறு வைத்துவிட்டு, ஓடி ஒளிய இருந்த ஒரே இடத்தையும் கொளுத்தியிருக்கிறேன். வருமா? நானாக இருந்தால் வருவேனா? சே, ஒரு குச்சியையாவது மிச்சம் வைத்திருக்கக் கூடாதா! புதுச்செடி வைத்தால் வளர வருஷக்கணக்காகும். அதுவரை டோரீன் கால் காத்திருக்குமா? இந்த நிமிஷத்தில் நட்டுவைக்கத் தோதாக ஊரில் இருப்பது ஒன்றே ஒன்றுதான். அது ராட்னியுடையது.

வேலியருகே போய் நின்றேன். தொண்டையைச் செருமினேன்.

"ராட்னி, அந்த மரம்..."

"கார் நாளைக்கு வந்துடும் பெரியவரே. நாளைக்கே தூக்கிடறேன், சத்தியமா."

"தூக்க வேணாம்."

"என்னது?"

"எனக்குக் குடு."

அவன் வேலிமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டான். முகமெல்லாம் பல். "எதை? தெளிவா சொல்லுங்க. காது சரியா கேக்கல."

"மரத்தை."

"மரமா? எங்கிட்ட மரம் இல்லையே. பிணம் ஒண்ணுதான் இருக்கு."

"சரிடா, பிணத்தைக் குடு. டோரீனுக்கு வேணும்."

டோரீன் பேரைச் சொன்னதும் இளிப்பை நிறுத்திவிட்டான். காரணமும் கேட்கவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. மரத்தைத் தூக்கி வேலிக்கு மேலே தள்ளினான். ஊசி இலை முழுசும் என் சட்டைக் காலருக்குள் இறங்கியது. இறங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கம்பத்துக்குப் பக்கத்தில் வாளியை வைத்து, மரத்தை இறக்கி, சுற்றிச் செங்கல்லைத் திணித்தேன். சனியன் நிற்கவில்லை. அடிமரம் கோணல். விட்டால் இந்தப் பக்கம் சாய்கிறது, நிமிர்த்தினால் அந்தப் பக்கம் சாய்கிறது.

"அப்படியே பிடிச்சிக்கிட்டு இருங்க, கயிறு எடுத்துட்டு வரேன்" என்று ராட்னி உள்ளே போனான். அவன் வீட்டில் ஒரு பொருளைத் தேடி எடுப்பதற்குள் கோடைகாலம் வந்துவிடும்.

மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். பனித்தூறல் ஆரம்பித்தது. தொப்பியைக் கொட்டகையிலேயே விட்டிருந்தேன். அப்போதுதான் என் காதுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சத்தம். ராபின். மண்வெட்டி பிடித்தவன் காலடியிலேயே வந்து நிற்கிற திமிர் பிடித்த பயல் அவன். மரத்தின் உச்சியில் உட்கார்ந்து என் மூக்கை ஒரு பார்வை பார்த்தான். பிறகு கூண்டின் அடித்தட்டுக்குத் தாவி ஒரு விதையைப் பொறுக்கினான். அவனைப் பார்த்து நீலத்தலை ஒன்று வேலி தாண்டி மரத்துக்குள் புகுந்தது. பின்னாலேயே இன்னொன்று.

ஜன்னலைப் பார்த்தேன். நாற்காலி காலி.

டோரீன் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை தொட்டியைப் பிடித்திருந்தது. இன்னொரு கையைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் தூக்கி, அசையாதே, அசையாதே என்று எனக்குச் சைகை காட்டினாள்.

அவளுக்கென்ன, சொல்லுவாள். எனக்கு மூக்கு ஒழுகியது. முதுகுக்குள் ஊசி இலை குத்தியது. தேநீர் குடித்ததன் பலன் வேறு அடிவயிற்றில் முட்டிக்கொண்டு நின்றது. ராட்னி கயிற்றோடு வேலிக்கு வந்து, என்னைப் பார்த்து, ஜன்னலைப் பார்த்து, அங்கேயே நின்றுவிட்டான்.

"பிணம் கனமா பெரியவரே?" என்று கிசுகிசுத்தான்.

"வாயை மூடு, பறந்துடும்" என்று பல்லைக் கடித்தேன்.

எப்போது உட்காருவாள், எப்போது நான் கையை விடலாம் என்று ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாழாய்ப்போனவள், உட்காரவே இல்லை.