வெளிமிதவை வரை

மார்ச் மாதம் இரண்டாம் சனிக்கிழமை காலை, நகரத்தின் பழைய படகுத்துறையில், மூன்றாவது மேடையின் கடைக்கோடியில் நின்றிருந்த எட்டு மீட்டர் பாய்மரப் படகின் கயிறுகள் ஆறு வருடங்களில் முதன்முறையாக அவிழ்க்கப்பட்டன. படகுக்கு வயது முப்பத்தெட்டு. அதை வாங்கியவள் ஒரு நகரப் பேருந்து ஓட்டுநர். உடன் போகிறவள் அவளுடைய நாத்தனார், டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ்.

படகுத்துறையின் விதி எளிமையானது. படகிலேயே குடியிருக்க நினைப்பவர்கள் அது உண்மையில் ஓடும் என்று காட்ட வேண்டும். துறை அலுவலர் பார்த்திருக்க, அலைதடுப்புச் சுவர்களுக்கு வெளியே கடலில் நங்கூரமிட்டிருக்கும் வெளிமிதவையைச் சுற்றிவிட்டு, யாரும் இழுக்காமல் தானாகவே திரும்பி வந்து மேடையை அணைய வேண்டும். ஓடாத படகில் ஆட்கள் குடியேறி, அது கட்டிய இடத்திலேயே மெல்ல மூழ்கிய அனுபவம் துறைக்கு உண்டு. இன்று தவறினால் அடுத்த வாய்ப்பு அடுத்த பருவத்தில்தான். ஓட்டுநருக்கு அதுவரை இருக்க இடமில்லை. வாடகை வீட்டை விடுவதாகச் சொல்லிவிட்டாள், மாத முடிவில் வேறு குடும்பம் வருகிறது. தவறினால் மகன் வீடு. மகன் வீடு மோசமான இடமல்ல. அங்கே அவளுக்கென்று ஒதுக்கிய அறையில் இஸ்திரி மேசையும், பேரப்பிள்ளைகளின் சைக்கிள்களும், யாரும் ஏறாத உடற்பயிற்சி இயந்திரமும் இருந்தன. போன மாதம் சில நாள் தங்கிப் பார்த்தாள். தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட மருமகள் கதவருகே வந்து என்ன வேண்டும் என்று கேட்டாள். அன்பாகத்தான் கேட்டாள். ஓட்டுநர் மிச்ச விடுப்பை ரத்து செய்துவிட்டு வேலைக்குத் திரும்பினாள்.

அவள் ஓட்டும் தடத்தின் கடைசி நிறுத்தம் துறைமுக வாசல். பல வருடங்களாக மதியச் சாப்பாட்டை ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு இந்தப் படகுகளைப் பார்த்தபடிதான் சாப்பிட்டிருக்கிறாள். கணவன் இறந்த பிறகு அவன் தங்கை அவளோடு நெருக்கமானாள். இருவரும் இரண்டு வருடம் வார இறுதிகளில் ஏரிக்குப் போய், இரண்டு பேர் உட்காரும் சின்னப் படகில் பாய் விரிக்கக் கற்றார்கள். ஏரி வேறு, இது வேறு என்பது இருவருக்கும் தெரியும்.

மகன் மேடையில் நின்றிருந்தான். "அம்மா, கார் டிக்கி காலியா வச்சிருக்கேன். சும்மா, ஒருவேளைக்கு."

"காலியாவே ஓட்டிட்டுப் போ. பெட்ரோல் மிச்சம்."

"அத்தை, நீங்களாவது சொல்லக் கூடாதா?"

"நானே உசுரக் கையில புடிச்சுக்கிட்டு நிக்கறேன். என்னைப் போயி பஞ்சாயத்துக்குக் கூப்பிடறியே" என்றாள் நர்ஸ், கயிற்றைச் சுருட்டியபடி.

எஞ்சின் தொட்டவுடன் கிளம்பியது. முந்தின நாள் மாலைதான் இருவரும் அதை ஓட்டிப் பார்த்துத் துடைத்து வைத்திருந்தார்கள். படகு மேடையைவிட்டு விலகியதும் ஓட்டுநரின் கைகள் அவள் பேச்சைக் கேட்க மறுத்தன. சுக்கான் கட்டையை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் திரும்பும். ஏரியில் அது பழகியிருந்தது. ஆனால் காலடியில் எஞ்சின் உறுமத் தொடங்கியதும் கைகள் பேருந்தின் கைகளாகிவிட்டன. படகின் மூக்கு பக்கத்துப் படகை நோக்கிப் போனது. அதன் சொந்தக்காரர் கையில் காப்பிக் கோப்பையோடு எட்டிப் பார்த்தார். "இன்டிகேட்டர் போட்டுட்டுத் திரும்புங்கம்மா!" என்றார். ஓட்டுநர் மனம் சொன்னதற்கு நேர்மாறாகத் தள்ளினாள். ஒரு முழம் இடைவெளியில் தப்பித்தார்கள்.

இரண்டு அலைதடுப்புச் சுவர்களுக்கு நடுவே கால்வாய் போலிருந்த பாதையில் பாதி தூரம் போயிருப்பார்கள். எஞ்சினின் சத்தம் மாறியது. நர்ஸுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஓட்டுநருக்குத் தெரிந்தது. எஞ்சினைக் குளிர்வித்துவிட்டு வரும் கடல் தண்ணீரைப் பின்பக்கப் புகைக்குழாய் துப்பித் துப்பிப் பேசிக்கொண்டிருக்க வேண்டும், அது இப்போது தொண்டை வறண்டவன்போல் இருமியது. சூடான ரப்பரின் வாடை வந்தது. வெப்பமானியின் முள் அசையவில்லை, அது இறந்து வருடங்கள் ஆகியிருக்கும். அவள் எஞ்சினை நிறுத்தினாள்.

"கீழ போயி கடல் தண்ணி உள்ள வர்ற வால்வைப் பாரு."

நர்ஸ் கேபினுக்குள் இறங்கிப் பலகையைத் தூக்கினாள். வால்வின் கைப்பிடி குழாயோடு நேர்க்கோட்டில் இருந்தால் திறந்திருக்கிறது என்று அர்த்தம். அது குறுக்காக நின்றது. யார் மூடியது என்று யோசிக்க ஒரு கணம்கூட ஆகவில்லை. வார்டில் ஒரு நோயாளியின் முறை முடிந்ததும், எதையும் கழற்றும் முன் ஒவ்வொரு குழாய்க்கும் கிளாம்ப் போட்டாக வேண்டும். ஒன்றை மறந்தால் ரத்தம் போகும், காற்று ஏறும். இருபத்திரண்டு வருடமாக அந்த வேலையைக் கை செய்கிறது, மூளையைக் கேட்பதில்லை. வீட்டில் பிஸ்கட் பொட்டலத்துக்குக்கூடக் கிளிப் போடுகிறவள் அவள். முந்தின மாலை எஞ்சினைத் துடைத்து முடித்ததும், படகின் குழாயையும் மூடிவிட்டுத்தான் கைகழுவப் போயிருக்கிறாள்.

"அண்ணி."

"சொல்லு."

"நான்தான். நேத்து மூடிட்டேன். மூடினதே ஞாபகம் இல்ல."

ஓட்டுநர் கேபின் வாசலில் குனிந்தாள். "தொறந்துட்டியா?"

"தொறந்துட்டேன்."

ஓட்டுநர் எஞ்சினைச் சில விநாடி ஓடவிட்டுப் பின்பக்கம் குனிந்து பார்த்தாள். தண்ணீர் வரவில்லை. "பம்புக்குள்ள இருக்கற ரப்பர் சக்கரம் தண்ணியில்லாம சுத்திப் பிஞ்சு போச்சு. இனிமே எஞ்சின் கெடையாது. பேஷன்ட்டைக் காப்பாத்தற மாதிரியே பண்ணியிருக்க, நர்ஸம்மா. பேஷன்ட்தான் போய்ச் சேந்துட்டான்."

நர்ஸுக்கு அழுகை வந்தது. அழுவதற்கு நேரமில்லை. காற்று படகை மெல்ல இடப்பக்கச் சுவரின் கற்களை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. துறை அலுவலர் தன் ரப்பர் படகில் அருகே வந்தார். இளைஞர், மரியாதையான ஆள்.

"இழுத்துட்டுப் போகட்டுமாம்மா?"

"இழுத்தா?"

"இழுத்தா இன்னிக்கு கணக்குல வராது. வேற ஒண்ணும் பிரச்சனை இல்ல."

மேடையில் மகன் கையை ஆட்டுவது தெரிந்தது. திரும்பி வந்துவிடு என்கிறானா, ஜாக்கிரதை என்கிறானா என்று புரியவில்லை. ஓட்டுநர் கற்களைப் பார்த்தாள். காற்று எங்கிருந்து வருகிறது என்று கன்னத்தைத் திருப்பிப் பார்த்தாள். நிரம்பிய பேருந்து ஏற்றத்தில் நின்றுபோனால் பயணிகள் எல்லோரும் முதலில் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அந்த முகம் எப்படி இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க தம்பி" என்றாள். "ஓவர்டேக் பண்ணணும்."

"அண்ணி, எஞ்சின் இல்லாம திரும்பி வந்து எப்படி நிறுத்தறது?"

"இன்னும் போகவே இல்ல, அதுக்குள்ள நிறுத்தறதப் பத்திக் கேக்கற. முன்பாயை ஏத்து."

நர்ஸ் முன்பக்கம் போனாள். கயிற்றை இழுத்தாள். உப்பேறி விறைத்துப்போன பாய் பாதியில் சிக்கியது. இறக்கி, உதறி, மறுபடி ஏற்றினாள். கற்களின் மேல் ஒட்டியிருந்த சிப்பிகளை எண்ணலாம் என்கிற அளவுக்குச் சுவர் நெருங்கியபோது பாய் காற்றைப் பிடித்தது. படகு ஒரு பக்கம் சாய்ந்தது. உள்ளே ஏதோ பாத்திரம் உருண்டது. சுவர் நின்ற இடத்திலேயே நின்றது, இவர்கள் நகர்ந்தார்கள். வெளியே வந்து பெரிய பாயையும் ஏற்றினார்கள். நர்ஸ் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை வாந்தி எடுத்தாள், வாயைத் துடைத்தாள், திரும்பி வந்து கயிற்றைப் பிடித்தாள். வெளிமிதவை சிவப்பாக, பறவை எச்சம் வழிந்து, அசிங்கமாக இருந்தது. அதைச் சுற்றியபோது ஓட்டுநருக்கு மகிழ்ச்சி ஒன்றும் தோன்றவில்லை. முதன்முதலாகப் பயணிகளை ஏற்றிக்கொண்டு தனியாக ஓட்டிய நாளில் இருந்த அதே கவனம், அதே வறண்ட நாக்கு. இன்னும் நிறுத்தவில்லை என்பது மட்டுமே நினைப்பில் இருந்தது.

பேருந்தைக் கோட்டுக்கு நேராக நிறுத்துவதில் அவளுக்குப் பெருமை உண்டு. இதற்கு பிரேக் இல்லை. காற்று கரையிலிருந்து மேடையின் நீளவாக்கில் வீசியது நல்ல காலம். காற்றுக்கு எதிராக மூக்கைத் திருப்பிப் பாயைத் தளரவிட்டால் படகு தானாக வேகம் இழக்கும். எங்கே தளரவிடுவது என்பதுதான் கணக்கு. பெரிய பாயை இறக்கிவிட்டு, முன்பாயோடு மட்டும் உள்ளே வந்தாள். பேருந்துக்கு முன்கூட்டியே பிரேக் போடும் பழக்கத்தில் சீக்கிரமாகவே தளரவிட்டாள். மேடைக்கு இரண்டு படகு நீளம் இருக்கும்போதே படகு நின்றது. பிறகு காற்று அதைப் பின்னோக்கித் தள்ளத் தொடங்கியது.

மகன் மேடை விளிம்புக்கு ஓடி வந்து இரண்டு கையையும் நீட்டினான். "அத்தை, கயித்தப் போடுங்க! நான் இழுத்துடறேன்!"

நர்ஸ் கயிற்றை ஓங்கினாள்.

"போடாத!" ஓட்டுநரின் குரல் பின்சீட்டு வரை கேட்கும் குரல். "அவன் இழுத்தாலும் இழுத்ததுதான். டேய், கையக் கட்டிக்கிட்டு நில்லு!"

"அம்மா, யாரும் பாக்கல!"

"நான் பாக்கறேன்ல."

அவன் கையைக் கட்டிக்கொண்டான். ரப்பர் படகில் இருந்த அலுவலர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டுநர் பாயை மறுபடி காற்றில் நிரப்பி, நிற்கும் படகுகளுக்கு நடுவே இருந்த குறுகிய இடத்தில் ஒரு பெரிய வட்டம் போட்டாள். இந்த முறை, இப்போது என்று மனம் சொன்னபோது தளரவிடவில்லை. இன்னும் ஒரு மூச்சு பொறுத்தாள். மகனின் முகம் தெளிவாகத் தெரிந்தது. பிறகுதான் கயிற்றை விட்டாள். பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. படகு மேடையில் கட்டியிருந்த டயரை உரசி, டயர் முடிந்த இடத்தில் மரத்தையும் உரசியது. நர்ஸ் குதித்தாள், முழங்காலில் விழுந்தாள், எழுந்திருக்காமலே கயிற்றை இரும்புக் கட்டையில் சுற்றினாள்.

துறை அலுவலர் குடியிருப்பு அனுமதி கொடுத்தார். பம்பைச் சரிசெய்யும்வரை படகை நகர்த்தக் கூடாது என்று ஒரு நிபந்தனை சேர்த்தார். புதன்கிழமை வேலை முடிந்ததும் ஓட்டுநர் ஒரு மெத்தையோடும் ஒற்றை அடுப்போடும் குடிவந்தாள். படகின் இடப்பக்கத்தில் கை நீளத்துக்கு வண்ணம் உரிந்து, அடியில் இருந்த பழைய பச்சை தெரிந்தது.