காதில் விழுந்த சத்தங்கள்

மகளுக்காகத்தான் இந்தக் காட்டு விடுதிக்கு வந்தோம். "கடைசியா ஒரு தடவை சேர்ந்து போயிட்டு வந்துடுவோம், அப்புறம் வக்கீலைப் பார்க்கலாம்" என்றார் இவர்.

எங்களுக்குக் கொடுத்த கூடாரத்துக்கு நடுவில் ஒரு துணிதான் தடுப்பு. சுவருக்கே காது உண்டு என்பார்கள். துணியைப் பற்றி யோசிக்க எங்களுக்கு ஏது புத்தி? அந்தப் பக்கம் அவள் தூங்குகிறாள் என்று நம்பி, மதியம் முழுக்கக் குசுகுசுவென்று சண்டை போட்டோம்.

மாலையில் வழிகாட்டி வந்தார். காதில் விழும் சத்தங்களை எழுதச் சொல்லிக் குழந்தைகளுக்கு அவர் கொடுத்திருந்த நோட்டை மகளிடம் வாங்கி, சிரித்தபடி வாசித்தார். "குரங்கு. மரங்கொத்தி." பிறகு வாசிப்பதை நிறுத்தி நோட்டை என்னிடம் நீட்டினார்.

அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள்:

"அப்பா: அவள நீயே வெச்சுக்கோ.

அம்மா: எனக்கென்ன தலையெழுத்தா? நீங்களே வெச்சுக்கங்க."