மூன்றாம் பிளாட்பாரத்தில் பதினொரு பேர்

குடியரசு தினத்துக்கு முந்தின நாள் காலையில் அண்ணனிடமிருந்து போன் வந்தது. விழுப்புரம் ரயில்வே ஸ்டேஷனில் அவன் பையைச் சோதித்திருக்கிறார்கள். உள்ளே பேட்டரி, ஒயர், சால்டரிங் அயன். அண்ணன் ஜிதேந்திரனுக்குத் திண்டிவனத்தில் செல்போன் ரிப்பேர் கடை. அதைச் சொல்லித் தப்பித்திருப்பான்.

"கூட ஒரு நோட்டு இருக்குதும்மா. எந்த பிளாட்பாரத்துல குண்டு, எத்தினி மணிக்கு ரயிலுன்னு எழுதிக்கீது. என்னுதுன்னு சொல்றாங்க."

அம்மா போனோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அது என் நோட்டு.

ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவள் நான். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் குரல் வராது. வாடகைப் புத்தகக் கடையில் தீவிரவாதிகளைப் பற்றிய தொடர் நாவல் ஒன்று கிடைத்தது. எழுதியவர் புதியவர். மூன்றாம் பாகம், குண்டுப் பை ரயிலில் ஏறுவதோடு நிற்கிறது. நான்காவது வரும்வரை பொறுக்காமல் நானே எழுதினேன். எனக்குத் தெரிந்த பெரிய ஸ்டேஷன் விழுப்புரம்தான், ரயிலை அங்கே கொண்டுவந்தேன். முந்தின நாள் அம்மா அலமாரியைக் காலி செய்தபோது, அவள் கண்ணில் படாமலிருக்க நோட்டை அண்ணனின் பழைய பைக்குள் செருகினேன். ஸ்பேர் வாங்க அந்தப் பையை எடுத்துப்போவான் என்று நினைக்கவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். அடிக்கவில்லை. "ஜல்தியா கெளம்பு" என்றாள். 'சார், அது என்னுது' என்று விக்கிரவாண்டி தாண்டும்வரை பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

ரயில்வே போலீஸ் ரூமில் இன்ஸ்பெக்டர் முன்னால் மூன்றாவது தடவைதான் சத்தம் வந்தது.

"யாரும்மா நீ?"

"தங்கச்சி சார், சன்மதி" என்றான் பெஞ்சிலிருந்த அண்ணன். "ஒம்போதாவதோட நின்னுட்டா. வாயே தொறக்க மாட்டா."

"அண்ணனுக்காவ பொய் சொல்றியா? ஒம்போதாவது படிச்ச பொண்ணுக்கு டைமரு பத்தி என்னா தெரியும்?"

கையோடு கொண்டுபோன மூன்றாம் பாகத்தை மேசைமேல் வைத்து, டைமர் வரும் பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன். விரல் வைத்துப் படித்தார்.

"இதுல விழுப்புரம் இல்லியே. கதைன்னா முடிவு எங்க? மிச்சத்த சொல்லு. இல்லன்னா கேஸ் எழுதிருவேன்."

முடிவு எனக்கே தெரியாது. மூன்று வாரமாகக் கதை அங்கேயே நின்றிருந்தது. பிளாட்பாரத்தில் பதினொரு பேரை நிறுத்தி, எல்லோருக்கும் பேர் வைத்துவிட்டேன். பேர் வைத்தபின் யாரைச் சாகடிப்பது?

சொல்ல ஆரம்பித்தேன்.

"முனியம்மான்னு ஒருத்தங்க சார், மல்லாட்டைக் கடலை விக்கறவங்க. ரயில்ல சீட்டுக்கு அடியில பைய பாக்கறாங்க. யாரோ உட்டுட்டுப் போயிட்டாங்கன்னு தூக்கிக்கினு போலீஸ் ரூமுக்கு வர்றாங்க."

"இங்கியா?"

"நீங்க அந்த நேரத்துல டீ குடிக்கப் போயிருப்பீங்க சார்."

பின்னாலிருந்த பெண் போலீஸ் சிரித்துவிட்டார். "அப்ப நானு?" என்றார். அழுகை வந்துவிட்டது.

"யாரும் சாகலன்னா படிக்கறவங்க நம்ப மாட்டாங்க சார். யாராவது செத்தா என்னால எழுத முடியல."

இன்ஸ்பெக்டர் நோட்டை மூடினார். புத்தகக் கடைக்குப் போன் போட்டு விசாரித்தார். ஒரு பக்கம் என்னை எழுதவைத்து, கையெழுத்தை நோட்டோடு ஒப்பிட்டார். மேலதிகாரி வரும்வரை உட்காரச் சொன்னார். நோட்டை வைத்துக்கொண்டு அண்ணனை விட்டபோது விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

எங்கள் ஜைன வீட்டில் பொழுது சாய்ந்தால் சாப்பிடுவதில்லை. அண்ணன் காலையிலிருந்து பட்டினி. அம்மா மதியம் வாங்கிய தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்தாள். வானத்தைப் பார்த்தாள். திரும்பக் கட்டினாள்.

"பரவால்ல, சாப்பிடுண்ணா" என்றேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. பஸ்ஸில் முன்சீட்டில் தனியாக உட்கார்ந்தான். திண்டிவனம் வரை அவன் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன்.