அத்தை வீட்டு நாற்காலி

நாரின் என்ற அந்த மலையூரில் விருந்தென்றால் எல்லோரும் தரையில் கம்பளி மெத்தை போட்டுத்தான் உட்காருவார்கள். நூர்சாத்தின் மகள் பேகாயிமுக்கு மட்டும் மர நாற்காலி. மெத்தைத் தூசியிலிருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஒத்துக்கொள்ளாமல் அவளுக்குத் தும்மலெடுத்து மூச்சிழுக்கும். "மகாராணிக்குச் சிம்மாசனம் போடுங்கப்பா!" என்று நாத்தனார் நக்கலடிக்கும்போதெல்லாம் நூர்சாத்துக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மூன்று வருஷமாக, உடம்பு பழகட்டுமென்று அதே பூச்சியிலிருந்து எடுத்த சொட்டு மருந்தைத் தினமும் மகளின் நாக்கடியில் விட்டாள். இனி மெத்தையில் உட்காரலாம் என்று டாக்டர் போன வாரம்தான் சொன்னார்.

இன்று தன் வீட்டு விருந்திலும் நாத்தனார் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதற்குள் பேகாயிம் மெத்தையில் சம்மணமிட்டு, இரண்டாவது கிண்ணம் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தாள். நூர்சாத் தும்மலுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை.

"சிம்மாசனத்துல நீங்க உக்காருங்க அத்தை," என்றாள் பேகாயிம். "உங்களுக்குத்தானே முட்டி வலி!"